பதினோரு 555 புத்தகங்கள்

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது அந்தப் புத்தகங்கள் கிடைத்தன. சட்டைப் பைக்குள் அடங்கும் 555 புத்தகம். மலேசியாவில் வளர்ந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம், ஒரு காலத்தில் நம் மளிகைக் கடன் முழுக்க அதில்தான் ஓடியது. பதினொன்றையும் ரப்பர் வளையம் போட்டுக் கட்டி, அம்மாவின் கைலிகளுக்கு அடியில் வைத்திருந்தாள் தங்கச்சி.

பிரித்துப் பார்த்தேன். "பெம்பர்ஸ் 2 பேக் 41.00. பால் 1 டின் 70. குளோவ்ஸ் 15. ஈப்போ போக வர கார் 80, காத்திருந்ததுக்கு 10." பக்கத்துக்குப் பக்கம் இப்படியே. சில இடங்களில் ஓரத்தில் காசு இல்லாத கணக்கும் இருந்தது: "கஞ்சி 4 கரண்டி", "குழாய் மாத்தியாச்சு, அடுத்து 14ஆம் தேதி", "முதுகுப் புண் ஐம்பது காசு அளவு". மூன்றாவது புத்தகத்தில் ஒரு பக்கம் மஞ்சள் கறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சமையலுக்கு நடுவில் ஓடிவந்து எழுதியிருக்கிறாள்.

நான் செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலை ஆபீஸில் கணக்குப் பார்ப்பவள். முப்பது வருடமாக அதுதான் வேலை. அன்றைக்குத் தரையில் உட்கார்ந்து பதினொன்றையும் கூட்டினேன். சக்கர நாற்காலி, காற்று மெத்தை, பழைய ஆஸ்பத்திரிக் கட்டில் எல்லாம் சேர்த்து 36,000 வெள்ளிக்கு (ரிங்கிட்டைத்தான் நாங்கள் வெள்ளி என்போம்) கொஞ்சம் குறைவாக வந்தது. 2019 ஜூலை முதல் 2023 ஆகஸ்ட் வரை, நான்கு வருடத்துக்குக் கொஞ்சம் மேல். ஓய்வுக்காலத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று எனக்குச் சொல்லித்தந்தது அந்தப் புத்தகங்கள்தான். நம் ஊர் ஆட்களுக்கும் அது பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் சுங்கை சிப்புட். சுற்றிலும் ஒரு காலத்தில் பால்மரம் என்கிற ரப்பர் மரம், இப்போது செம்பனை. அம்மா பால்மரம் சீவியவர். விடிவதற்குள், ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் பேர் கொடுத்து, மதியம் பால் அளந்து முடித்து வீட்டுக்கு வருவார். தோட்டத்தில் சின்ன ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. மருந்து கொடுக்கும் டிரெசர் ஐயா இருப்பார். காய்ச்சலுக்கு ஒரு பாட்டில், வயிற்று வலிக்கு ஒரு பாட்டில், கை வெட்டிக்கொண்டால் கட்டு. காசு என்ற பேச்சே கிடையாது. அதற்கு மேல் முடியாது என்றால் லாரியில் ஏற்றி கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அங்கேயும் ஒரு வெள்ளிதான். அம்மாவின் தலைமுறைக்கு நோய் என்றால் வலி உண்டு, பயம் உண்டு, செலவு மட்டும் கிடையாது. கல்யாணத்துக்குச் சேர்த்தார்கள், காதுகுத்துக்குச் சேர்த்தார்கள், 1960இல் அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டமே வாங்கினார்கள். சேர்க்கத் தெரியாத ஜனம் இல்லை நாம். நோய்க்கென்று சேர்க்க வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்த நினைப்பு எங்களிடமும் இருந்தது. அம்மாவுக்கு 75 வயதில் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, விழுங்கவும் முடியவில்லை. ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் 14 நாள். வீட்டுக்கு அனுப்பும்போது வந்த பில் 50 வெள்ளியைத் தாண்டவில்லை. மூன்றாம் வகுப்பு வார்டுக்கு நாளுக்கு 3 வெள்ளி, 60 வயது தாண்டியவர்களுக்கு அதிலும் பாதி. அண்ணன் ஷா ஆலாமிலிருந்து போனில், "கவர்மெண்ட் ஆஸ்பத்திரி இருக்கிற வரைக்கும் நமக்கு ஒரு பயமும் இல்லை" என்றார். நானும் ஆமாம் என்றேன்.

அன்று சாயங்காலம் அம்மாவை வீட்டுக்குள் தூக்கிவந்தோம். அதற்கப்புறம்தான் செலவு ஆரம்பித்தது.

மூக்குக் குழாய் இருந்த மாதங்களில் ஒரு மாதக் கணக்கை அப்படியே தருகிறேன். பெம்பர்ஸ் ஒரு நாளைக்கு நான்கு, மாதத்துக்குப் பன்னிரண்டு பேக், 240 வெள்ளி. குழாய் வழியாகக் கொடுக்கும் பால் ஐந்து நாளைக்கு ஒரு டின், மாதம் ஆறு டின், 420. புண்ணுக்குக் கட்டுத்துணி, உப்புநீர், குளோவ்ஸ் 60. ஈப்போவுக்கும் இங்கேயும் போய்வரும் கார் செலவு சராசரியாக 120. மொத்தம் 840 வெள்ளி. இதில் மருந்துக்கு என்று ஒரு காசும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மருந்தை அரசாங்கம் கொடுத்தது. டாக்டரையும் அரசாங்கம் கொடுத்தது. மீதி எல்லாவற்றையும் வீடு கொடுத்தது.

சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் சேமநிதி வாரியம் (இபிஎப்) பல வருடங்களாக ஒரு தொகையைச் சொல்லிவந்தது. 55 வயதில் ஒருவர் கையில் குறைந்தது 240,000 வெள்ளி இருக்க வேண்டும், மாதம் 1,000 வெள்ளி வீதம் இருபது வருடத்துக்கு. ஆலையில் எத்தனையோ பேருக்கு நானே அதை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் மனதில் இடித்தது. 55இலிருந்து இருபது வருடம் என்றால் 75. பணம் தீர வேண்டிய அதே வயதில்தான் அம்மா விழுந்தார். சரி, பணம் தீரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். 1,000 வெள்ளியில் 840 போனால் மீதி 160. அரிசி, மின்சாரம், தண்ணீர், எல்லாம் அந்த 160இல்.

அம்மாவிடம் அந்த 240,000உம் இருந்ததில்லை. 1999இல் 55 வயதானபோது கிடைத்தது 18,000 சொச்சம். தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டிய நேரம், அந்தப் பணம் இந்த மலிவுவிலை வீட்டுக்கு முன்பணமாகப் போயிற்று. தலைக்கு மேல் கூரை வாங்கினார். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

இப்போது மெடிக்கல் கார்டு, அதாவது மருத்துவ இன்ஷூரன்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் நம்மவர்கள் நிறையப் பேர் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். அம்மாவுக்கு கார்டு இல்லை. இருந்திருந்தாலும் மேலே எழுதிய 840இல் பெரும்பகுதியை அது தொட்டிருக்காது. கார்டு ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கானது. அறுவைச் சிகிச்சை, வார்டு, அதை ஒட்டிக் கொஞ்ச நாள் தொடர்சிகிச்சை. டயாலிசிஸும் புற்றுநோய் சிகிச்சையும் பல கார்டுகளில் உண்டு. வீட்டில் படுத்திருப்பவருக்குப் பெம்பர்ஸ், சக்கர நாற்காலி, பார்த்துக்கொள்ளும் ஆளுக்குச் சம்பளம், மூக்குக்கண்ணாடி, பல், காது மெஷின், இவை எல்லாம் பொதுவாக வெளியே. கார்டு வைத்திருப்பவர்கள் இன்று இரவே எடுத்து, "இவற்றுக்குப் பணம் தரமாட்டோம்" என்று இருக்கும் பக்கத்தை மட்டும் ஒருமுறை படியுங்கள். புரியவில்லையா, ஏஜெண்டை உட்காரவைத்துத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அது அவர் கடமை.

கம்பெனி கார்டு இன்னொரு கதை. என் வீட்டுக்காரர் செம்பனைக் குலை லாரி ஓட்டியவர். வேலையில் இருந்தவரை கம்பெனி கார்டு எங்கள் இருவரையும் நன்றாகவே பார்த்துக்கொண்டது. போன வருடம் 60இல் ஓய்வுபெற்றார், அந்த மாதக் கடைசியோடு கார்டும் முடிந்தது. அவருக்குப் பத்து வருடமாக இனிப்பு நீர் (நீரிழிவு). இப்போது புதிதாக ஒரு கார்டு எடுக்கப் போனால், இருக்கிற நோய்க்கு இடமில்லை என்பார்கள், அல்லது மாதம் கட்டும் பணம் எங்கள் கைக்கு எட்டாது. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி இந்த நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், இந்தியர்களிடையே அது மூன்றில் ஒருவரை நெருங்குகிறது. ஆகவே கம்பெனி கார்டை நம்பி இருப்பவர்கள் 60 வரை காத்திருக்க வேண்டாம். உடம்பு நன்றாக இருக்கும் நாற்பதுகளிலேயே, சிறியதானாலும், தன் பேரில் ஒன்று எடுத்துவைக்க வேண்டும். இதை அவருக்கு நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும் என்ற வருத்தம் எனக்கு இருக்கிறது.

நான் என் பேரில் 41 வயதில் எடுத்தேன். மாதம் 140 வெள்ளியில் தொடங்கியது இப்போது 310. 2024 கடைசியில் ஒரே தாவலாக ஏற்றப்போவதாகக் கடிதங்கள் வந்து நாடே கொதித்தது நினைவிருக்கும். அந்த டிசம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டு, உயர்வைக் குறைந்தது மூன்று வருடத்துக்குப் பரப்பச் சொன்னது, 60 வயது தாண்டி ஆகக் குறைந்த திட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வருடம் உயர்வை நிறுத்திவைத்தது. நல்ல காரியம்தான். ஆனால் பரப்பினாலும் ஏறுவது ஏறத்தான் செய்யும். எனக்கு எழுபது ஆகும்போது இது எவ்வளவில் நிற்கும் என்று ஏஜெண்டிடம் கேட்டேன். நல்ல பையன், சுற்றி வளைக்கவில்லை. "அக்கா, அதை யாராலும் சொல்ல முடியாதுக்கா. ஆனா வேலை இல்லாத காலத்துல கட்டுறதுக்குன்னு தனியா ஒரு பணம் வச்சுக்கணும்" என்றான். இன்ஷூரன்ஸ் கட்டுவதற்கே ஒரு சேமிப்பு வேண்டும் என்பதை அவன் சொல்லித்தான் யோசித்தேன். ஆஸ்பத்திரி பில்லில் முதல் சில ஆயிரத்தை நாமே கட்டிக்கொள்ளும் திட்டத்துக்கு மாறிவிட்டேன். மாதம் 110 வெள்ளி குறைந்தது. அந்த 110ஐ விட்டுவிடாமல் தனிக் கணக்கில் போடுகிறேன். வருடம் 5.5 விழுக்காடு கிடைக்கும் இடத்தில் மாதம் 100 வெள்ளி போட்டால் பத்து வருடத்தில் 16,000 அளவுக்கு வரும். அம்மாவின் கணக்கில் அது ஒன்றரை வருடத்துக்கு மேல்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

அந்தப் பதினோரு புத்தகங்களிலும் ஒரு செலவு எழுதப்படவே இல்லை. அது தங்கச்சி.

2019 செப்டம்பரில் ஈப்போ தொழிற்சாலை வேலையை விட்டாள். அப்போது அவளுக்கு 43. கல்யாணம் ஆகவில்லை, அதனால் எல்லாரும் பேசாமலே அவள்தான் என்று முடிவாகிவிட்டது. அண்ணனுக்குக் குடும்பம், எனக்கு வேலை. கூட்டம் போட்டு முடிவெடுத்திருந்தால்கூட மனம் ஆறும். அதுகூட இல்லை, ஒருநாள் அவள் யூனிபார்மை மடித்து உள்ளே வைத்தாள், நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அடிப்படைச் சம்பளம் 1,300 வெள்ளி. முதலாளி சேமநிதிக்குப் போட வேண்டிய 13 விழுக்காடு 169. நாற்பத்தெட்டு மாதத்துக்குக் கணக்குப் பார்த்தால் இரண்டும் சேர்த்து 70,512 வெள்ளி. புத்தகத்தில் எழுதியதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அவள் பங்கும் முதலாளி பங்குமாகச் சேமநிதிக்குப் போயிருக்க வேண்டியது மட்டும் 14,976. கோவிட் சமயத்தில் தொழிலாளர் பங்கைக் குறைத்தார்கள், அதை நான் கழிக்கவில்லை. லாப ஈவையும் சேர்க்கவில்லை.

இதற்கு மேல் ஒன்று. கோவிட் காலத்தில் ஐ-சினார், ஐ-சித்ரா என்று சேமநிதியைத் திறந்துவிட்டார்களே, நாடு முழுக்க 145 பில்லியன் வெள்ளி வெளியே வந்தது, அதில் அவளுடையதும் கொஞ்சம். வீட்டில் சும்மா இருப்பவள் கையில் காசு கேட்கக் கூச்சப்பட்டு, தன் ஓய்வுக்காலத்தை எடுத்து அம்மாவுக்குப் பால் டின் வாங்கியிருக்கிறாள். ஐந்தாவது புத்தகத்தில் "இபிஎப் காசு" என்று ஒரு வரி இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்கு விஷயமே தெரியும். நான் மாதாமாதம் 300 அனுப்பினேன், அண்ணன் 400 அனுப்பினார், போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். 840இல் 700 போனால் மீதி யார் கொடுத்தார்கள் என்று கணக்குப் பார்க்கும் நானே கேட்கவில்லை.

அவளிடம் கேட்டேன். "அம்மாவுக்குத்தானேக்கா" என்றாள். அதற்குமேல் அவள் எதுவும் சொல்லவில்லை.

நம் வீடுகளில் இதைச் செலவு என்று சொன்னாலே பாவம் என்று நினைக்கிறோம். பெற்ற தாயைப் பார்த்துக்கொள்வதற்குக் காசா? பாசத்துக்கு விலை போடுவதா? எனக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. ஆனால் அந்தக் கூச்சத்தால் காப்பாற்றப்பட்டது அவள் இல்லை, அண்ணனும் நானும்தான். ஒரு பிள்ளை வேலையை விட்டால் அந்தக் குடும்பத்தில் அடுத்த ஏழை முதியவர் அவரே. அம்மாவின் நோயை அரசாங்கம் பாதி, நாங்கள் மூவரும் பாதி என்று பார்த்தோம். தங்கச்சி விழுந்தால் பார்க்க ஒரு தங்கச்சி கிடையாது.

ஆகவே உங்கள் வீட்டில் அப்பாவோ அம்மாவோ எழுபதைத் தாண்டியிருந்தால், யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சை இப்போதே, காசோடு சேர்த்துப் பேசுங்கள். யார் வேலையை விடுகிறாரோ அவருக்கு மற்றவர்கள் மாதம் எவ்வளவு, அவருடைய சேமநிதிக்கு எவ்வளவு என்று. வேலை இல்லாதவர் பேரிலும் சேமநிதிக்குத் தாமாகப் பணம் போடலாம். தங்கச்சி இப்போது காலையில் இட்லியும் நாசி லெமாக்கும் போட்டு விற்கிறாள், அதனால் சுயதொழில் செய்வோருக்கான ஐ-சாரானில் சேர்த்துவிட்டோம். 60 வயதுக்குள் இருப்பவர்கள் வருடத்தில் போடுவதற்கு அரசாங்கம் 20 விழுக்காடு, அதிகபட்சம் 500 வெள்ளி, சேர்த்துத் தருகிறது, வாழ்நாளில் 5,000 வரை. முழு 500உம் வர வருடத்துக்கு 2,500 போட வேண்டும். அண்ணன் மாதம் 110, நான் 100. இது அவளுக்கு நாங்கள் செய்யும் தர்மம் இல்லை, பழைய கடன். அவளிடமும் அப்படித்தான் சொன்னோம். முதலில் மாட்டேன் என்றாள். அண்ணன் ஊருக்கு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசிய பிறகுதான் அடையாள அட்டையைக் கொடுத்தாள்.

உதவி கிடைக்கும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன், எங்களுக்கு இதெல்லாம் தாமதமாகத்தான் தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரிகளில் மருத்துவச் சமூகப்பணி அதிகாரி ஒருவர் இருப்பார். முட்டி மாற்றும் சாமான், சில கருவிகள் போன்றவற்றை அரசு ஆஸ்பத்திரியிலும் நாமே வாங்க வேண்டி வரும், அப்போது சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு அவர் வழியாக மனுப் போடலாம். அரசாங்கத்தின் கிளினிக் கெசிஹாத்தானில் வீட்டுக்கே வந்து படுக்கையில் இருப்பவரைப் பார்க்கும் குழு உண்டு. அம்மாவின் புண் ஆறியது அந்த மிசிகளின் (நர்ஸ்களின்) கைபட்டுத்தான், இரண்டாம் வருடத்தில். அரசு உதவித்தொகை பெறுபவர், அவருடைய கணவர் அல்லது மனைவி ஆகியோரில் 40 வயதானவர்களுக்கு பெக்கா பி40 திட்டத்தில் இலவச உடல் பரிசோதனை இருக்கிறது, தகுதிபெற்ற நோயாளிகளுக்குக் கருவி வாங்க 20,000 வெள்ளி வரை உதவி இருக்கிறது. பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு வருமான வரியில் 8,000 வெள்ளி வரை கழிவும் உண்டு, ஆனால் அதற்கு ரசீது வேண்டும். 555 புத்தகத்தை வரி இலாகாவில் காட்ட முடியாது. அண்ணன் அந்த நான்கு வருடமும் ஒரு காசு கழிக்கவில்லை, ஏனென்றால் எந்தக் கடையிலும் நாங்கள் ரசீது கேட்டு வாங்கவில்லை.

போன வருடம் எனக்கு 55 ஆயிற்று. ஆலையில் இரண்டு பேர் அதே மாதம் சேமநிதி முழுவதையும் எடுத்தார்கள், ஒருவர் கார் வாங்கினார். நான் எடுக்கவில்லை. 100 வயது வரை அங்கேயே வைத்திருக்கலாம், லாப ஈவு வந்துகொண்டே இருக்கும், 2024க்கு 6.30 விழுக்காடு கொடுத்தார்கள். ஒன்றுக்கு மட்டும் கொஞ்சம் எடுத்தேன். என் வீட்டுக் குளியலறைக்கு.

எங்கள் மலிவுவிலை வீடுகளில் குளியலறை எப்படி இருக்கும் என்று தெரியும். வாசலில் ஒரு சாண் உயரப் படி, உள்ளே குந்தி உட்காரும் கக்கூஸ், எப்போதும் ஈரத் தரை. அம்மாவின் சக்கர நாற்காலி 25 அங்குலம், கதவு 24. அந்த ஒரு அங்குலத்தால் நான்கு வருடமும் தங்கச்சி அம்மாவை வாசலில் இருந்து இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்டினாள். இன்றைக்கும் காலையில் இட்லிச் சட்டியைத் தூக்கும்போது இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொள்கிறாள்.

வரும் சனிக்கிழமை கொத்தனார் வருகிறார். படியை உடைத்துச் சரிவாக்குவது, கதவை 32 அங்குலமாக்குவது, உட்காரும் கக்கூஸ், இரண்டு பக்கமும் பிடிமானக் கம்பி, வழுக்காத கல். எல்லாம் சேர்த்து 4,200 வெள்ளி கேட்டிருக்கிறார். என் வீட்டுக்காரர் டேப் வைத்து அளந்து சுவரில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். நேற்று இரவு தங்கச்சிக்குப் போன் செய்து இந்த அளவெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவள், "அக்கா, கதவை வெளிப்பக்கமா திறக்கிற மாதிரி வைக்கச் சொல்லுங்க" என்றாள். "உள்ள விழுந்துட்டா ஆள் கதவுலதான் சாய்ஞ்சு கெடப்பாங்க. உள்பக்கம் திறக்கிற கதவுன்னா நம்மால தள்ள முடியாது."